வெள்ளிக் கால் டாலர்: லட்சக்கணக்கில் அச்சடித்தும் 66, 67 ஏன் கிடைப்பதில்லை?

காசுப்பெட்டி எழுதியது:

1932 முதல் 1964 வரை வந்த வாஷிங்டன் கால் டாலர் வெள்ளிக் காசுகளை ஆண்டுவாரியாக, நாணய ஆலைவாரியாகச் சேர்ப்பவர்களுக்கு ஒரு கேள்வி. எம்எஸ் என்பது புழங்காத காசுக்குத் தரும் 60 முதல் 70 வரையான தர எண்; அதில் எம்எஸ்-64, 65 வரை பட்டியல் மளமளவென்று நிரம்பிவிடுகிறது. 66-க்கு ஏறினால் ஆரம்ப ஆண்டுகளில் முட்டுக்கட்டை. 67 என்றால் பட்டியலில் பாதி காலி.

அச்சடித்த எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் இது புரியவில்லை. 1936-டி (டி என்பது டென்வர் ஆலைக்குறி, எஸ் என்பது சான் பிரான்சிஸ்கோ) 53,74,000 காசு. 1937-எஸ் வெறும் 16,52,000. ஆனால் புழங்காத நிலையில் தேடினால் 1937-எஸ் சுலபமாகச் சிக்குகிறது, 1936-டி ஆட்டம் காட்டுகிறது. அப்புறம், தரமிடும் நிறுவனம் ஒட்டும் 66 லேபிளுக்கும் 67 லேபிளுக்கும் நடுவே விலை ஏன் இப்படித் தாவுகிறது? அந்த ஒரு எண்ணில் என்னதான் இருக்கிறது? காசை வைத்துச் சொல்லுங்கள், விலைப்பட்டியலை வைத்து வேண்டாம்.

பெருக்காடி எழுதியது:

அச்சடித்த எண்ணிக்கை வெறும் பிறப்புப் பதிவேடு. அதிலிருந்து இன்றைய தலைக்கட்டை எண்ண முடியாது. கால் டாலரிலேயே மூன்று ஜோடி எடுத்துப் பாருங்கள்.

வாஷிங்டனுக்கு முன்பு வந்த பழைய பார்பர் வரிசையில் 1901-எஸ் 72,664, 1913-எஸ் 40,000. குறைவாக அடித்தது 1913. ஆனால் அரிதான காசு 1901. காரணம், 1901-இல் ஆலைக்குறி பார்த்து எடுத்து வைத்தவர்கள் வெகு சிலர். காசு நேராகக் கடைத்தெருவுக்குப் போய் இருபது முப்பது வருடம் புழங்கியது. இன்று கண்ணில் படும் 1901-எஸ் பெரும்பாலும் தலைப்பட்டையில் எழுத்தே அழிந்துபோன நிலையில்தான் இருக்கும். 1913-க்குள் ஆலைக்குறி பார்த்துச் சேர்ப்பவர்கள் கூடிவிட்டார்கள், அதனால் அந்த 40,000-இல் நல்ல காசாகவே சில தப்பின.

வாஷிங்டனில் 1932-டி 4,36,800, 1932-எஸ் 4,08,000. இங்கும் குறைவாக அடித்த எஸ்தான் புழங்காத நிலையில் அதிகம் கிடைக்கிறது. 65 என்று வந்தால் இரண்டுமே கடினம், 66-இல் டி கிட்டத்தட்டக் கனவு. அது பெரும் பொருளாதாரச் சரிவுக் காலம். 25 சென்ட் என்பது ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல். அதைப் பத்திரமாக மடித்து வைக்க எத்தனை பேருக்குத் தெம்பு இருந்திருக்கும்? 1931-இல் கால் டாலரே அடிக்கவில்லை, 1933-லும் இல்லை. தேவை அவ்வளவு படுத்துக்கிடந்தது.

மூன்றாவது நீங்கள் சொன்ன 1936-டி. அந்த வருடம் அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் காசெல்லாம் நினைவு அரை டாலர்கள் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. ஏறக்குறையப் பைத்தியம் பிடித்த சந்தை. சாதாரண டென்வர் கால் டாலரை ரோல் ரோலாக (ரோல் என்பது 40 காசு சுற்றிய கட்டு) எடுத்து வைக்க ஆளில்லை. அடுத்த வருடங்களில் அந்தக் காய்ச்சல் இறங்கியது, ரோல் சேமிக்கும் பழக்கம் ஏறியது. குறைவாக அடித்த 1937-எஸ் தப்பித்துக்கொண்டது.

ஆக முதல் கேள்வி எத்தனை அடித்தார்கள் என்பதல்ல, அந்த வருடம் யார் எடுத்து வைத்தார்கள் என்பது. இது 63, 64 வரைக்குமான விளக்கம். 66, 67-க்கு இது போதாது. அங்கே ஆலைக்குள்ளேயே போக வேண்டும்.

டென்வர்வாசி எழுதியது:

ஆலைக்குள் நான் போகிறேன் அண்ணே.

அச்சு அடித்து வெளியே வரும் காசு கையில் ஏந்தி எடுக்கப்பட்டதில்லை. தொட்டியில் விழும், அதன் மேல் அடுத்தது விழும். பிறகு எண்ணும் இயந்திரம். அப்புறம் 1,000 டாலர் பை, அதாவது ஒரு பையில் 4,000 கால் டாலர். ஒன்று 6.25 கிராம், ஆகவே பை 25 கிலோ. அந்தப் பையைத் தூக்கி வண்டியில் போடுவார்கள், வங்கியில் இறக்குவார்கள், அங்கே மறுபடி இயந்திரத்தில் கொட்டி 40 காசு ரோலாகச் சுற்றுவார்கள். இத்தனைக்கும் அது 'புழங்காத' காசுதான்.

இந்தக் காசில் வாஷிங்டனின் கன்னம் ஒரு பெரிய வெற்று மேடு. சுற்றியுள்ள தளத்தை விட உயரம், மறைக்க முடியோ மடிப்போ கிடையாது. இடித்ததெல்லாம் அங்கேதான் பதியும். லிபர்ட்டி தேவி உட்கார்ந்திருக்கும் பழைய சீட்டட் லிபர்ட்டி காசில் உடை மடிப்புக்குள் ஒரு கீறல் ஒளிந்துகொள்ளும். இங்கே ஒளிய இடமில்லை.

66, 67 வித்தியாசம் கேட்டீர்கள். 66-இல் சின்னத் தழும்புகள் சில இருக்கலாம், கண் முதலில் விழும் இடத்தில் பெரிதாக எதுவும் இருக்கக் கூடாது. 67-இல் தழும்பு இன்னும் சிறிதாக, இன்னும் குறைவாக இருக்க வேண்டும், அச்சு கூர்மையாக விழுந்திருக்க வேண்டும், பளபளப்பு முழுசாக இருக்க வேண்டும். கண் முதலில் விழும் இடம் எது? கன்னம், தாடை, கழுத்து, முகத்துக்கு முன்னால் இருக்கும் வெற்றுத் தளம். ஒரு மில்லிமீட்டர் நீளக் கீறல் தலைமுடிக்குள் இருந்தால் 67 கிடைக்கலாம். அதே கீறல் கன்னத்தின் நடுவில் இருந்தால் 65-க்கே இழுபறி.

கணக்குப்பிள்ளை எழுதியது:

உருக்கினதை யாரும் சொல்லவில்லையே. 1980 ஜனவரியில் வெள்ளி அவுன்ஸ் 50 டாலரை நெருங்கியபோது கால் டாலர்கள் மூட்டை மூட்டையாக உலைக்குப் போயின. அங்கேதானே பாதி அழிந்தது?

பெருக்காடி எழுதியது:

உலைக்குப் போனதில் பெரும்பகுதி தேய்ந்த காசு. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 6.25 கிராமில் 90 சதவீதம் வெள்ளி, 5.625 கிராம். டிராய் அவுன்ஸ் 31.1035 கிராம் என்பதால் ஒரு காசில் 0.1808 அவுன்ஸ். அவுன்ஸ் 30 டாலர் என்றால் காசின் உலோக மதிப்பு 5.42 டாலர். அந்த விலைக்கு மேல் ஒரு சேகரிப்பாளர் தரத் தயாராக இருந்த 1932-டி உலைக்குப் போயிருக்காது.

ஆனால் உங்கள் கேள்வியில் பாதி நியாயம் உண்டு. 1950-களின் கடைசி, 1960-களின் தொடக்கக் காசுகள் புழங்காத ரோலாகவே உருகின. சேகரிப்பாளரின் விலையும் உலோக விலையும் ஒன்றாக இருந்ததால் ரோலைப் பிரித்துப் பார்க்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை. அந்த ரோல்களில் 67 எத்தனை இருந்தன என்று இனி எண்ண வழியில்லை. 1964-டி மட்டும் 70 கோடிக்கு மேல் அடித்த காசு. அதிலும் மேல் தரம் சொற்பம் என்றால் அதற்கு உலையும் ஒரு காரணம், பையும் ஒரு காரணம்.

வாணி_நிமிர்ந்தலிபர்ட்டி எழுதியது:

எல்லோரும் வாஷிங்டனையே சுற்றுகிறீர்கள். தரத்தின் தட்டுப்பாடு என்றால் அதற்கு முந்தைய, லிபர்ட்டி தேவி நிற்கும் ஸ்டாண்டிங் லிபர்ட்டி கால் டாலர்தான் பாடம். ஹெர்மன் மேக்நீல் வடிவமைத்தது, 1916 முதல் 1930 வரை. அதில் எம்எஸ் எண் மட்டும் போதாது, 'ஃபுல் ஹெட்' என்று தனிப் பட்டம் உண்டு.

1917 நடுவில் மாற்றிய இரண்டாம் வகையில் ஃபுல் ஹெட் என்றால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். முடியில் செருகிய மூன்று இலையும் முழுசாகத் தெரிய வேண்டும். நெற்றியிலிருந்து காது வரை முடிக்கோடு அறுபடாமல் வர வேண்டும். காதுத் துளை குழியாகத் தெரிய வேண்டும். மூன்றில் ஒன்று போனாலும் பட்டம் இல்லை.

இது ஏன் கடினம்? அந்தத் தலை ஒரு மிளகு அளவு, அச்சில் ஆழமான குழி. இரண்டு அச்சுகளுக்கும் நடுவே இடைவெளியைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் அச்சு நீண்ட நாள் உழைக்கும், ஆனால் உலோகம் அந்தக் குழியின் அடி வரை ஏறாது. டென்வரும் சான் பிரான்சிஸ்கோவும் செய்தது இதுதான். 1926-டி ஒரு நல்ல உதாரணம்: புழங்காத காசு தாராளமாகக் கிடைக்கும், 64, 65 கூட. தலை மட்டும் வழுக்கையாக இருக்கும். பளபளவென்று மின்னும், ஒரு கீறல் இருக்காது, தலையைப் பார்த்தால் தேய்த்து விட்ட மாதிரி மழுங்கல். அது தேய்வு இல்லை, அங்கே உலோகம் போகவே இல்லை. 1926-டி-யில் ஃபுல் ஹெட் கிடைப்பது 1927-எஸ் போன்ற 3,96,000 மட்டுமே அடித்த காசை நல்ல நிலையில் தேடுவதற்குச் சமமான சிரமம்.

1917 முதல் வகையில் இதற்கு நேர்மாறு. ஃபிலடெல்பியா காசில் தலை கூர்மையாகவே விழும், ஃபுல் ஹெட் எளிது. வகைக்கு ஒன்று போதும் என்பவர்கள் அங்கே வாங்கிக்கொண்டு நகரலாம்.

இன்னொரு தொல்லை, 1924 வரை ஆண்டு எண் மேடாக இருந்ததால் அதுவே முதலில் தேய்ந்தது. 1925-இல்தான் அதைப் பள்ளத்துக்குள் இறக்கினார்கள். ஆண்டே இல்லாத காசுக்கு அமிலம் தடவி எண்ணை வரவழைத்து விற்பார்கள். எண் தெரியும், சுற்றிச் சொரசொரப்பான ஒரு திட்டும் தெரியும். அதற்கு எந்தத் தர எண்ணும் கிடைக்காது.

காசுப்பெட்டி எழுதியது:

அக்கா, அச்சு சரியாக விழாததா, தேய்வா என்று கையில் வைத்துப் பார்க்கும்போது எப்படிப் பிரிப்பது?

வாணி_நிமிர்ந்தலிபர்ட்டி எழுதியது:

நிறத்தையும் ஒளியையும் வைத்துத்தான். மழுங்கிய இடத்தின் மேல் பளபளப்பு தொடர்ந்து ஓடினால் அச்சு விழவில்லை. அந்த இடம் மட்டும் மங்கிய சாம்பலாக நின்றால் தேய்வு. அச்சு விழாத இடத்தில் தகட்டிலேயே இருந்த பழைய கோடுகள் கூட அழியாமல் நிற்கும். அதைக் கீறல் என்று நினைத்து ஒதுக்கிவிடாதீர்கள்.

டென்வர்வாசி எழுதியது:

விளக்கு முக்கியம் தம்பி. டியூப் லைட்டில் எல்லாக் காசும் 66 மாதிரிதான் இருக்கும். ஒற்றைப் புள்ளியிலிருந்து வரும் ஒளி வேண்டும்: பழைய 75 வாட் குண்டு பல்பு, இல்லையென்றால் பால் கண்ணாடி மூடாத மஞ்சள் எல்இடி. மேசையில் தடித்த துணி விரித்து, விளிம்பைப் பிடித்து, காசைச் சாய்த்துச் சுழற்றுங்கள். ஒளி வண்டிச்சக்கர ஆரம் போல வட்டமாக ஓட வேண்டும். கன்னத்துக்கு வரும்போது அந்த ஆரம் உடைந்து மறுபுறம் தொடர்ந்தால் அது எம்எஸ் இல்லை, ஏயு-58, அதாவது லேசாகப் புழங்கிய காசு.

முதலில் வெறுங்கண், பிறகு 5 மடங்கு லென்ஸ். 10 மடங்கு ஆலைக்குறியும் இரட்டை அச்சும் பார்க்க மட்டும். 10 மடங்கில் தரம் போட்டால் உலகத்தில் ஒரு காசும் தேறாது.

தழும்புக்கும் வகை உண்டு. கன்னத்தில் சீப்புப் பல் மாதிரி நாலைந்து சின்ன வெட்டு வரிசையாக இருந்தால் இன்னொரு காசின் விளிம்புப் பற்கள் இடித்தது, பையில் நடந்தது. வளைந்த பட்டையாகத் தேய்ந்த மினுக்கம் இருந்தால் எண்ணும் இயந்திரத்தின் ரப்பர் சக்கரம். இது வந்தால் தர எண்ணே கிடைக்காமல் 'சேதம்' என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். கன்னத்தின் குறுக்கே ஒரே திசையில் மெல்லிய இணைகோடுகள் இருந்தால் பழைய ஆல்பம். செல்லுலாய்டுப் பட்டையை இழுத்து இழுத்துச் செருகியதில் விழுந்த கோடு. பல நல்ல 1930-களின் காசுகள் இப்படித்தான் 67-இலிருந்து 64-க்கு இறங்கின. பாதுகாக்க வாங்கிய ஆல்பமே எமன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இப்போது தரவாரியான எண்ணிக்கைப் பட்டியலான பாப் ரிப்போர்ட்டுக்கு வருவோம், ஏனென்றால் 67-இன் விலை அதை வைத்துத்தான் ஓடுகிறது. 1986-இல் பிசிஜிஎஸ், 1987-இல் என்ஜிசி என்ற தரமிடும் நிறுவனங்கள் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு தரத்திலும் எத்தனை காசு வந்தது என்று எண்ணி வெளியிடுகிறார்கள். அந்த எண் காசுகளின் எண்ணிக்கை இல்லை, தரம் போட்ட தடவைகளின் எண்ணிக்கை.

ஒருவர் 66 ஸ்லாப்பை (அந்த நிறுவனம் தர எண்ணோடு காசை மூடித் தரும் பிளாஸ்டிக் உறை) உடைத்து 67 கிடைக்கும் என்று திரும்ப அனுப்புகிறார். மறுபடி 66. மீண்டும் உடைக்கிறார். ஐந்து தடவை போனால் பட்டியலில் ஐந்து 66, உலகத்தில் ஒரே காசு. பழைய லேபிளைத் திருப்பி அனுப்பினால் கழிப்பார்கள், ஆனால் எல்லோரும் அனுப்புவதில்லை. 66-க்கும் 67-க்கும் விலை இடைவெளி பெரிதாக உள்ள காசில் இந்த வீக்கம் அதிகம். ஆக 66-இன் எண்ணிக்கையை நம்பிக்கையோடு குறைத்துப் படிக்கலாம்.

நேர்மாறும் உண்டு. 1950-களின் பல காசுகளுக்கு 68-இல் ஒன்றோ இரண்டோதான் என்று பட்டியல் சொல்லும். அது அரிது என்று பொருளில்லை. சாதாரண ஆண்டுக் காசைக் கட்டணமும் தபால் செலவும் காப்பீடும் கட்டி யாரும் அனுப்பவில்லை என்றும் பொருள். விலை ஏறினால் அடுத்த இரண்டு வருடத்தில் ரோல்களை உடைத்து அனுப்புவார்கள், எண் இரட்டிக்கும், விலை விழும். 1932-டி-யில் அப்படி நடக்காது. நாற்பது வருடமாக எல்லோரும் தேடி அனுப்பித் தீர்த்த காசு அது.

பெருக்காடி எழுதியது:

இதில் நான் முழுசாக உடன்படவில்லை. 1940-டி, 1936-டி போன்றவற்றையும் எல்லோரும் தேடித் தீர்த்தாயிற்று. கணக்குப்பிள்ளை சொல்வது 1941-க்குப் பிந்தைய காசுகளுக்கே பொருந்தும். முந்தையதில் 67 பாப் குறைவு என்றால் காசே குறைவு. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் வைத்தால் நல்ல காசைக் கைவிட்டுவிட்டு அப்புறம் தேட வேண்டியிருக்கும்.

தரமிட்ட காசை மறுபடி பார்த்துச் சொல்லும் சிஏசி நிறுவனத்தின், 2007-இல் வந்த பச்சை ஸ்டிக்கரை எங்கே மதிக்கலாம் என்றால், இந்த 66, 67 எல்லையில்தான். அந்தத் தரத்துக்குள் வலுவான காசு என்று இன்னொரு ஜோடிக் கண் சொல்லியிருக்கிறது. 63-இல் அதற்குக் கூடுதல் பணம் தருவது வீண்.

கண்ணாடிக்குடுவை எழுதியது:

நிறம் பற்றி ஒரு வார்த்தை. 1947 முதல் 1958 வரை, 1950 நீங்கலாக, அமெரிக்க ஆலை ஒவ்வொரு காசிலும் இரண்டு வைத்து விற்ற இரட்டைத் தொகுப்புகள் அட்டையில் செருகியவை. அட்டையில் உள்ள கந்தகம் வெள்ளியில் மெதுவாக ஏறி, பெரும்பாலும் ஒரு பக்கம் அடர்ந்த வானவில். ரோலில் உருளாததால் கன்னமும் சுத்தம். அந்த ஆண்டுகளின் உச்சத் தரக் காசுகளில் இவை அடிக்கடி கண்ணில் படுவதன் காரணம் அதுதான்.

இயற்கையான நிறம் படலத்தின் தடிமனைப் பொறுத்து வரிசையாக மாறும்: வெளிர் பொன், செம்பழுப்பு, ஊதாச் சிவப்பு, நீலம், பிறகு மறுபடி மஞ்சள், பச்சை. பொன்னுக்குப் பக்கத்திலேயே நீலம் குதித்தால், அல்லது கீறலுக்குள்ளும் அதே நிறம் வழிந்திருந்தால், அடுப்பிலோ ரசாயனத்திலோ சமைத்தது.

வெள்ளை வெளேரென்று வேண்டும் என்று தயோயூரியா கலந்த அமிலக் கரைசலில் முக்குகிறவர்களுக்கு: அது கறுப்பை மட்டும் எடுப்பதில்லை. ஒளியைச் சுழற்றும் நுண்ணிய ஓட்டக்கோடுகள் மேற்பரப்பில்தான் இருக்கின்றன. இரண்டு முக்கில் அது சப்பையாகும். 66 ஆக இருந்தது எந்த லென்ஸும் இல்லாமலே செத்த காசாகத் தெரியும். நம் கடற்கரை ஊர்களில் காற்றே போதும் வெள்ளியைக் கறுக்க வைக்க. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பா, பக்கத்தில் ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் வேண்டாம்.

காசுப்பெட்டி எழுதியது:

ஒரு குறிப்பான கேள்வியோடு முடிக்கிறேன். ஸ்லாப் இல்லாத 1932-டி ஒன்று, '65 போகும்' என்று விலை சொல்கிறார்கள். மெத்தென்ற பிளாஸ்டிக் உறையில் இருக்கிறது. காதோரம் பச்சைப் படலம். தளத்தில் பளபளப்பு நன்றாக ஓடுகிறது, கன்னம் லேசான சாம்பல். தாடையில் நாலு சின்ன வெட்டு வரிசையாக.

டென்வர்வாசி எழுதியது:

நீங்களே தரம் போட்டுவிட்டீர்கள். தளம் மின்னி, கன்னம் சாம்பல் என்றால் ஏயு-58. தாடை வெட்டு விளிம்புப் பல். 65 இல்லை.

கண்ணாடிக்குடுவை எழுதியது:

பச்சைப் படலம் பிவிசி உறையின் வேலை. விட்டால் அரித்துக் குழி விழும். சுத்தமான அசிட்டோன் வாங்குங்கள், நெயில் பாலிஷ் ரிமூவர் ஆகாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். கண்ணாடிக் குடுவை இரண்டு, பிளாஸ்டிக் கூடாது. ஜன்னல் திறந்த இடம், அடுப்பு பக்கத்தில் வேண்டாம். முதல் குடுவையில் 15 நிமிடம் ஊற வைத்து, இடையில் ஒரு தடவை புரட்டி, இரண்டாவதில் புது அசிட்டோனில் அலசி, விளிம்பில் நிறுத்தி உலர விடுங்கள். தேய்க்கவே கூடாது, பஞ்சாலும் கூடாது. அசிட்டோன் வெள்ளியைத் தொடாது, மேலே ஒட்டியதை மட்டும் கரைக்கும்.

பெருக்காடி எழுதியது:

வாங்குவதற்கு முன்னால் எடை: 6.25 கிராம், விட்டம் 24.3 மில்லிமீட்டர். ஆனால் இந்தக் காசில் எடை பெரிதாக உதவாது, ஏனென்றால் போலி செய்பவர் எடுப்பதும் அசல் வெள்ளிக் காசுதான். 54,04,000 அடித்த ஃபிலடெல்பியா 1932-ஐ எடுத்து, பின்பக்கம் இலை வளையத்துக்குக் கீழே டி-யை ஒட்டிவிடுவார்கள். 10 மடங்கு லென்ஸில் டி-யின் அடிவாரத்தைச் சுற்றிப் பாருங்கள். தளத்திலிருந்து உலோகம் வழிந்து எழும்பிய மாதிரி இருக்க வேண்டும், கோடு போட்ட மாதிரி ஒரு விளிம்பு தெரியக் கூடாது.

விற்பவர் சம்மதித்தால் அசிட்டோன் குளியலை அவர் முன்னாலேயே செய்யுங்கள். பசையால் ஒட்டியதாக இருந்தால் பச்சைப் படலத்தோடு டி-யும் குடுவையின் அடியில் கிடக்கும்.

காசுப்பெட்டி எழுதியது:

கேட்டுப் பார்த்தேன். குளியலுக்குச் சம்மதிக்கவில்லை, விலையில் கால் பங்கு குறைத்தார்.

வாணி_நிமிர்ந்தலிபர்ட்டி எழுதியது:

விட்டுவிடுங்கள். அதே பணத்துக்கு ஸ்லாப்பில் ஏயு-58 தேடுங்கள், சான்று எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே உள்ள படத்தோடு அந்தக் கன்னத்துத் தழும்பை ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். ஸ்லாப்பிலும் போலி வருகிறது, தழும்பை அப்படியே ஒத்துப்போக வைப்பதுதான் கடினம்.